ஆவணி முதல் வெள்ளியும் புதுக் கேம்ஷாஃப்ட்டும்

எங்கள் லாரி ஓணச் சமயத்தில், காய்கறி லோடோடு, ஆரியங்காவு தாண்டி ஓர் ஏற்றத்தில் நின்றுபோன கதை நம் தெருவில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். நேரில் பார்த்தவர் உங்களில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லுவீர்கள். ஒருவர் கதையில் வெண்டைக்காய் அழுகும், இன்னொருவர் கதையில் வாழைத்தார். முடிவு மட்டும் எல்லாரிடமும் ஒன்றுதான்: மெக்கானிக் பாய் பழைய கேம்ஷாஃப்ட்டுக்குப் பாலிஷ் போட்டுப் புதுசு என்று மாட்டி ஏமாற்றிவிட்டார். போன வருஷம் தென்காசியில் ஒரு கல்யாண வீட்டில், இலை போடக் காத்திருந்த நேரத்தில்கூட இதுதான் ஓடியது. எல்லாரும் சிரித்தீர்கள். நானும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அறுபது தாண்டிய பிறகும் எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஒரே ஒரு லாரி. ஓட்டுவது அப்பா. உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு போடுவது பெரியப்பா. செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு வைக்கோலும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு போய், வரும்போது ரப்பர் ஷீட்டோ பலகையோ ஏற்றிக்கொண்டு வருவார் அப்பா. வருஷம் முழுக்க ஓடினாலும் ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரம்தான் வண்டிக்கு உண்மையான வேலை. அந்த இரண்டு வாரம் நன்றாகப் போனால் வீட்டில் எல்லாருக்கும் தீபாவளி உண்டு. போகாவிட்டால் பெரியப்பா வீட்டுக்கு மட்டும் உண்டு.

அந்த ஆடி மாதம், சாரல் ஊரையே நனைத்துக்கொண்டிருந்த நாட்களில், அப்பா புனலூரிலிருந்து திரும்பி வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். வண்டி மேடு ஏற மாட்டேன் என்கிறது, உள்ளே டக் டக் என்று ஏதோ தட்டுகிறது, புகை கறுப்பாகக் கக்குகிறது என்றார். அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு, "பாய்கிட்ட விட்டுட்டு வாங்க. அவுக பாத்துக்கிடுவாக" என்றாள். உடம்புக்கு வந்தால் டாக்டரிடம் போங்கள் என்பாளே, அதே குரல்.

பாயின் ஷெட் குற்றாலம் ரோட்டில் இருந்தது. தகரக் கூரை. சாரல் பக்கவாட்டில் அடிப்பதால் மூன்று பக்கமும் சாக்குத் தொங்கவிட்டிருப்பார். மண்ணெண்ணெயில் சாமான் கழுவுகிற வாடையும், இஞ்சி தட்டிப் போட்ட டீ வாசமும், நனைந்த சாக்கு நாற்றமும் சேர்ந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் மழை நாளில் ஏதாவது பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது அது லேசாக வந்து போகும். அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. பாயை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். நம் ஊரில் அதெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை, தானாக வந்துவிடும்.

எஞ்சினைத் திறந்த அன்று நான் அங்கே இருந்தேன். முன்னாலிருந்து ரேடியேட்டரை இறக்கிவிட்டு, மாமாவும் அவருடைய கையாளுமாக ஒரு நீளமான இரும்புத் தண்டை அங்குலம் அங்குலமாக வெளியே இழுத்தார்கள். அதுதான் கேம்ஷாஃப்ட். தண்டு நெடுகிலும் முட்டை வடிவத்தில் மேடுகள். தண்டு சுற்றும்போது மேடு வந்து வால்வைத் திறந்துவிடும், வால்வின் மேல் இருக்கிற ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்து மூடும். எஞ்சின் மூச்சு விடுவதே இந்த ஏற்ற இறக்கத்தில்தான். எங்கள் வண்டியில் இரண்டு மேடுகள் தேய்ந்து உருண்டையாகப் போயிருந்தன. ஒரு ஸ்பிரிங் இரண்டு துண்டு. மற்ற ஸ்பிரிங்குகளை மாமா ஒரு புதுசோடு பெஞ்சில் நிறுத்திக் காட்டினார். பழசு ஒவ்வொன்றும் அரை விரல் குட்டை.

"கூன் விழுந்துட்டு, பாத்தியளா தம்பி" என்றார் அப்பாவிடம். "பன்னெண்டையும் மாத்திருவோம். கேம்ஷாஃப்ட்டும் புதுசு. மேட்டு மேல நிக்கிற டாப்பெட்டும் சேத்து மாத்தணும். பழச விட்டா அது புதுசையும் தின்னுரும்."

சாமான் மதுரையிலிருந்து ஒரு நீள மரப்பெட்டியில் வந்தது. உள்ளே எண்ணெய்த் தாள் சுற்றிய புதுக் கேம்ஷாஃப்ட். தாளைப் பிரித்தபோது நான் பார்த்தேன். அப்பா பார்த்தார். பெரியப்பாவும் பார்த்தார். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்லுவேன். அந்தப் பெட்டி பிறகு எங்கள் வீட்டில் வெகுகாலம் கரண்டிப் பெட்டியாக இருந்தது. பழைய ஸ்பிரிங் ஒன்று கதவு அடிக்காமல் இருக்கக் கதவிடுக்கில் கிடந்தது. இரண்டுமே எந்த வீடு மாற்றலில் தொலைந்தன என்று தெரியவில்லை.

இனி வருவது பெரியப்பாவின் பங்கு. அவர் கெட்ட மனிதர் இல்லை. பஞ்சாங்கத்தோடு பிறந்த மனிதர். முடி வெட்டக்கூட நாள் பார்ப்பார். மாமா எல்லாவற்றையும் மாட்டி, கேம்ஷாஃப்ட் பல்சக்கரத்திலும் கீழ்ப் பல்சக்கரத்திலும் இருக்கிற புள்ளிகளை நேருக்கு நேர் வைத்து, மூடி போடப்போகிற அன்று பெரியப்பா வந்து நின்றார்.

"ஏ பாய், ஆடி முடிய இன்னும் ஒம்பது நாளு கெடக்கு. ஆடியில புதுச் சாமான ஓடவிட்டா வெளங்குமா?"

"அண்ணாச்சி, சாமான்தான் புதுசு. எஞ்சின் பழசு. பழசுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன?"

"பழசுக்குள்ள புதுசு போகுதுல்லா."

"அப்ப பழசா ஒண்ணு வாங்கி மாட்டிருவமா?" என்றார் மாமா. அப்பா, கையாள், டீ கொண்டுவந்த ஆள் எல்லாரும் சிரித்தோம். பெரியப்பாவும் சிரித்தார். இந்தச் சிரிப்பை மட்டும் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இல்ல அண்ணாச்சி, வெளையாட்டுக்குச் சொல்லல. மேட்டுல ஆயில் நல்லாத் தடவிருக்கேன். மூடி வச்சு ஒம்பது நாள் சும்மா போட்டா அம்புட்டும் கீழ எறங்கிரும். புதுச் சாமான் காய்ஞ்சு கெடக்கக் கூடாது."

"எறங்குனா திரும்ப ஊத்திக்கிடலாம். ஆவணி மொதல் வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் பண்ணுதோம். சாயங்காலம் நல்ல நேரம்."

அப்பா தலையாட்டினார். அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அவருக்குப் பழக்கமில்லை. இன்று யோசித்தால் அந்த ஒன்பது நாளும் அப்பாவின் பலவீனத்தில் வந்தவை என்றே தோன்றுகிறது. அன்று அதை மரியாதை என்று நினைத்தேன்.

காத்திருந்த நாட்களில் அப்பாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் என்னையும் ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளூர்க்காரர்கள் சீசன் கூட்டத்தில் அருவிக்குப் போவதே அபூர்வம். அதுவும் அப்பாவோடு போனது எனக்கு நினைவு தெரிந்து அந்த ஒரு முறைதான். தலையில் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துவிட்டு அம்மா என்னைப் பெண்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் முதுகில் விழுந்ததும் மூச்சு நின்று திரும்ப வந்தது. வெளியே வந்து நடுங்கிக்கொண்டே மங்குஸ்தான் தின்றேன். அதன் தோல் கறை பாவாடையில் பட்டு, அம்மா பஸ் ஏறும்வரை திட்டிக்கொண்டு வந்தாள். அப்பா குளித்தாரா என்பதே சந்தேகம். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எதிரே வந்த ஒவ்வொரு லாரியின் சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். "அந்த வண்டி நல்லா இழுக்குது பாரு" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். சொன்ன விதத்தில் இருந்த ஏக்கம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. தொழில் இல்லாமல் ஒரு வாரம் இருந்த மனிதர் அவர்.

அருவிக் குளியலுக்குக் கூலியாக எனக்குக் காய்ச்சல் வந்தது. அது விட்டும் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அதனால்தான் ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நான் ஷெட்டில் இருந்தேன். பூஜைக்கு வேண்டிய தட்டையும் சுண்டல் தூக்குவாளியையும் கொண்டுபோய் வைத்துவிட்டு, லாரியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

மாமா குளித்து, வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, தொப்பி என்று வேறு ஆளாக நின்றார். கையாளும் கிளம்பிவிட்டான். அப்பா சார்ஜுக்குப் போட்டிருந்த பேட்டரியை எடுக்கப் போயிருந்தார். பூஜை மாலையில்தான் என்று பேச்சு. மாமா நான்கு எலுமிச்சம்பழம் வாங்கி முன்சீட்டில் வைத்திருந்தார். நம் பூஜைக்கு எது எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். போகக் கிளம்பியவர் ரோடு வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஏட்டி, இங்கன வா. நான் ஜும்மாத் தொழுகைக்குப் போயிட்டு வாரேன். அப்பா வந்ததும் ஒரு விஷயம் சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்லுவேன் மாமா."

"நான் வாரதுக்கு முன்ன ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஒங்க பெரியப்பா அவசரக்காரவ. ஒருவேள நேரம் போவுதுன்னு பண்ணச் சொன்னாவன்னா, மேல் மூடியத் தொறந்து ஆயில் ஊத்திட்டுத்தான் பண்ணணும். புடிச்ச ஒடனே ஆக்சிலேட்டர மிதிச்சு இருவது நிமிஷம் வேகமா ஓடவிடணும். ஸ்லோவுல விடவே கூடாது. வேகமா ஓடுனாத்தான் ஆயில் மேட்டுல தெறிச்சு விழும். ஸ்லோவுல ஓடுனா புது மேடு அன்னைக்கே தேய ஆரம்பிச்சிரும். எங்க, திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறவள் நான்.

கால்மணி நேரத்தில் அப்பா பேட்டரியோடு வந்தார். அவர் அதை மாட்டிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா குடும்பத்தோடு வந்து இறங்கினார். பெரியம்மா, அவர்களுடைய பையன்கள் இரண்டு பேர், மாலை, தேங்காய். பெரியப்பாவுக்குச் சாயங்காலம் வாசுதேவநல்லூரில் சொந்தக்காரப் பையன் ஒருவனுக்குப் பெண் பார்க்கிற விஷயமாகப் போக வேண்டியிருந்ததாம்.

"ராகு காலம் பன்னெண்டோட முடியுது. பன்னெண்டே காலுக்கு மேல கௌரி நல்ல நேரம் இருக்கு. இப்பவே பண்ணிருவோம்" என்றார்.

"பாய் வந்திரட்டுமே" என்றார் அப்பா.

"வேல முடிஞ்சாச்சுல்லா? ஸ்டார்ட்டர அமுக்குததுக்குமா மெக்கானிக்கு?"

நான் எழுந்து "பெரியப்பா" என்றேன். சொல்லத்தான் எழுந்தேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ தோன்றியவர்போல முகம் மலர்ந்தது. "ஏட்டி, நீ மேல ஏறு. ஒங்கையாலதான் இன்னைக்கு ஸ்டார்ட் பண்ணணும். நீ பொறந்த வருசந்தான் இந்த வண்டியே நம்ம வீட்டுக்கு வந்துது. பொம்பளப்பிள்ள கை, லச்சுமி கை."

உங்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் எதுவும் முதலில் எனக்கு வந்ததில்லை. பலகாரம் பையன்களுக்குப் பிறகு, புதுத்துணி பையன்களுக்குப் பிறகு. டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு பேரும் எத்தனையோ நாள் பீப்பீ என்று கத்தியிருக்கிறார்கள். நான் ஏறினால் "எறங்குட்டி" என்பார்கள். அன்று அவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்க்க, அப்பா என்னைத் தூக்கி அந்தச் சீட்டில் உட்காரவைத்தார். நான் மாமா சொன்னதைச் சொன்னால் என்ன ஆகும்? மாமா வரட்டும் என்பார்கள். இறக்கிவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் பெரியப்பா மனசு மாறிப் பெரியவனை ஏற்றினாலும் ஏற்றுவார். பத்து வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு கணக்கு வருமா என்று கேட்காதீர்கள். வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா காட்டிய பொத்தானை அமுக்கினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. சீட்டு, என் பல், தூக்குவாளி எல்லாம் அதிர்ந்தன. கீழே கை தட்டினார்கள்.

என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்த அப்பா பழக்கத்தில் காலை நீட்டி ஆக்சிலேட்டரை மிதிக்கப் போனார். பெரியப்பா தடுத்தார். "மெல்ல, மெல்ல. புதுப்பொண்ணு வீட்டுக்குள்ள வரும்போது ஓடியா வருவா? மெதுவா நிக்கட்டும்."

மெதுவாகத்தான் நின்றது. மாலை போட்டார்கள். சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சுண்டல் கொடுத்தார்கள். ரோட்டில் போனவர்கள் இரண்டு பேர் வந்து நின்று விசாரித்துச் சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்கள். எஞ்சினை நிறுத்துவது அபசகுனம் என்று யாரும் நிறுத்தவில்லை. சாரலுக்கு நடுவே அது டக டக என்று அடக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நான் சீட்டை விட்டு இறங்கவே இல்லை.

மாமா வந்தது அப்போதுதான். ரோட்டிலேயே நின்று ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு அவர் ஓடி வந்ததை நான் மேலேயிருந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டையோடு படியில் ஏறி, என் கால் பக்கமாகக் கையை நுழைத்து ஆக்சிலேட்டரை அழுத்தினார். எஞ்சின் அலறியது. "ஏன்யா அத அலற விடுதீரு?" என்றார் பெரியப்பா. மாமா என்னிடம் தாழ்ந்த குரலில், "சொன்னியா?" என்றார்.

"ம்" என்றேன்.

அவர் நம்பினார். சொல்லியும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். இறங்கிப்போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, மேல் மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றினார். கொடுத்த சுண்டலை வாங்கிப் பெஞ்சில் வைத்தார். அவர் தின்னவில்லை.

பத்து நாளில் வண்டியில் திரும்ப டக் டக் கேட்டது. மாமா அளவுத் தகடு விட்டு டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்து அனுப்பினார். ஐந்தே நாளில் இடைவெளி திரும்ப விழுந்திருந்தது. அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். "எறக்கிப் பாத்திருவோம் தம்பி" என்றாராம். ஓணம் நெருங்கிவிட்டது, லோடு பேசியாகிவிட்டது, பெரியப்பா விடவில்லை. மூன்றாவது லோடில் வண்டி ஏற்றத்தில் நின்றது. அப்பா இரண்டு நாள் காட்டு ரோட்டில் மழையில் கிடந்து, வேறு வண்டி பிடித்துச் சரக்கை மாற்றி அனுப்பி, எங்கள் லாரியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பாதிச் சரக்கு வழியிலேயே போயிற்று. வெண்டைக்காயும் போனது, வாழைத்தாரும் போனது. உங்கள் கதைகள் அந்த அளவுக்குச் சரிதான்.

எஞ்சினைத் திறந்தார்கள். புதுக் கேம்ஷாஃப்ட்டில் நான்கு மேடுகள் மொட்டையாகியிருந்தன. பெரியப்பா அதை ஒரு பழைய வேட்டியில் சுற்றி எங்கள் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்து தரையில் வைத்து, மாமாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். லாரி வைத்திருக்கிற இரண்டு அண்ணாச்சிமார் சாட்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் பெரியம்மாவும் அடுக்களைக் கதவில். நான் அம்மா பக்கத்தில்.

மாமா குனிந்து மேடுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ஸ்லோவுல ஓடின தேய்மானம் இது அண்ணாச்சி. புது ஸ்பிரிங்கு வேற பலமா அமுக்கும். மொத இருவது நிமிஷத்துல வர்ற சேதம். அதுக்குத்தான் நான் படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போனேன்."

"சொன்னீரா? யாருகிட்ட சொன்னீரு?"

மாமா வாயைத் திறந்தார். கண் என் பக்கம் வந்தது. அந்த நேரத்தில்தான் பெரியம்மா, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொல்வதுபோல் ஆரம்பித்தாள். "நல்ல நேரம் பாத்தாச்சு, மாலை போட்டாச்சு. ஒரு கொறையும் வைக்கல. பெறவும் இப்பிடி ஆவுதுன்னா என்ன அர்த்தம்? கைராசின்னு ஒண்ணு இருக்குல்லா. யாரு கை பட்டுச்சோ."

அம்மா என்னைத் தன் சேலைக்குப் பின்னால் இழுத்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, மாமா அன்னைக்கு ஒங்கிட்ட ஏதாவது சொன்னாவளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையில் கிடந்த கேம்ஷாஃப்ட்டைப் பார்த்தேன். தலையை இல்லை என்று ஆட்டினேன்.

மாமா எழுந்து நின்றார்.

"பிள்ளைய ஏன் கேக்கிய? அதுகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. யாருகிட்டயாவது சொல்லிட்டுப் போவணும்னு நெனச்சேன். தொழுகைக்கு நேரமாயிட்டு, மறந்து போயிட்டேன். பிள்ள கை என்ன செய்யும்? தப்பு எம்மேலதான்."

"இப்பத்தான சொல்லிட்டுப் போனேன்னீரு?"

"வாய் தவறிட்டு அண்ணாச்சி."

அதோடு முடிந்தது. ஒரு வாய்க்கு இரண்டு பேச்சுப் பேசிய மனிதனை அப்புறம் யார் நம்புவார்கள்? அவர் போன பிறகு பெரியப்பாவுக்கு அந்தப் பழைய சிரிப்பு ஞாபகம் வந்தது. "பழசா ஒண்ணு வாங்கி மாட்டிருவமான்னு அன்னைக்கே கேட்டாம்லா. நாமதான் வெளையாட்டுன்னு நெனச்சோம்" என்றார். அண்ணாச்சிமார் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அது தென்காசி முழுக்கப் போய்விட்டது. எண்ணெய்த் தாளைப் பிரித்தபோது பக்கத்தில் நின்ற அப்பாகூட மறுத்துப் பேசவில்லை.

மாமா இன்னொரு கேம்ஷாஃப்ட் வரவழைத்து, கூலி வாங்காமல் மாட்டி, தானே சீட்டில் உட்கார்ந்து இருபது நிமிஷம் அலறவிட்டுக் கொடுத்தார். அப்பா வண்டியை விற்கும்வரை அது பழுதில்லாமல் ஓடியது. "ரெண்டாந் தடவ ஒழுங்கான சாமானப் போட்டுட்டான்" என்றார்கள். அவர் ஷெட்டில் வண்டி நிற்பது குறைந்தது. இரண்டு வருஷம் பார்த்துவிட்டுச் சவூதிக்குப் போனார். அந்த ஷெட் கிடந்த இடத்தில் இப்போது சீசனுக்குக் கார் நிறுத்துகிறார்கள்.

அன்று நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மாமா மறந்துவிட்டார்போல என்றுகூட ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. அவர் எதிலிருந்து என்னைக் காப்பாற்றினார் என்று தெரிய ஏழெட்டு வருஷம் ஆயிற்று. நம் தெருவிலேயே ஒருத்தி, விளக்கேற்றின வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று 'கை ராசியில்லாதவள்' ஆனாளே, நினைவிருக்கிறதா? அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாசலோடு திரும்பியது எனக்குத் தெரியும். அந்தப் பெயர் எனக்கு விழ இருந்தது. விழுகிற நேரத்தில் அவர் தன் பெயரைக் குறுக்கே நீட்டினார். இதைப் புரிந்துகொண்ட பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் ஆகட்டும் என்றிருந்தேன். பிறகு பிள்ளைகள் வளரட்டும் என்றிருந்தேன். அப்பா போனார், பெரியப்பா போனார். பயப்பட ஆள் இல்லாத பிறகும் பழக்கத்தில் பயந்துகொண்டிருந்தேன்.

போன சீசனில் என் மகன் புதுக் கார் வாங்கினான். கோயில் வாசலில், அந்தப் பேய்க்காற்றில் கற்பூரம் நிற்காமல் திண்டாடிக்கொண்டிருந்தபோது, மருமகள் என் ஆறு வயதுப் பேத்தியைத் தூக்கி முன்சீட்டில் வைத்து, "பாப்பா கையால ஸ்டார்ட் பண்ணட்டும்" என்றாள். "வேண்டாம்மா, நீயே பண்ணு" என்று பேத்தியை இறக்கிவிட்டேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மறுநாள் ஆட்டோ பிடித்து, சவூதியிலிருந்து எப்போதோ திரும்பிவிட்டிருந்த மாமாவின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன்.

எண்பதைத் தாண்டிவிட்டார். கட்டிலில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். மகன் ஐம்பது வயதுக்காரர், ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு அவரும் நின்றார். நான் இன்னார் மகள் என்று சொன்னதும் மகனுடைய முகம் மாறியது. இந்த வீட்டிலும் அந்தக் கதை ஓடியிருக்கிறது என்று தெரிந்தது. வேறு மாதிரி ஓடியிருக்கும்.

சுற்றி வளைக்கவில்லை. "மாமா, அன்னைக்கு நீங்க எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனிய. திருப்பித் திருப்பிச் சொல்ல வச்சிய. நாந்தான் அப்பாகிட்டச் சொல்லல. ஸ்டார்ட்டர அமுக்க விடமாட்டாவளேன்னு சொல்லல. பெறவு எல்லாரு முன்னாலயும் பொய் சொல்லிட்டேன்" என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்த அழுகை, கொஞ்சம் அசிங்கமாகத்தான் வந்தது.

மகன் தன் வாப்பாவைப் பார்த்தார். மாமா கையை ஆட்டினார்.

"அத விடும்மா. சின்னப்பிள்ள நீ" என்றார். கட்டிலில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். "எனக்கு ஒண்ணு சொல்லு. நான் அன்னைக்குப் பள்ளிவாசல்ல இருந்தேம்லா. நான் மாட்டுன எஞ்சினு, மொத ஸ்டார்ட்டு நான் கேக்கல. இம்புட்டு வருசத்துல அது ஒண்ணுதான் நான் கேக்காத ஸ்டார்ட்டு. நீதான அமுக்குன? எத்தன தடவ அமுக்குன?"

"ஒரு தடவதான் மாமா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தியா, தொட்ட ஒடனே பிடிச்சுதா?"

"தொட்ட ஒடனே பிடிச்சுது."

அவர் தலையணையில் சாய்ந்தார். முகத்தில் எனக்காக வந்த இரக்கம் எதுவும் இல்லை. வேலை பார்த்த தன் கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனிடம் திரும்பினார்.

"கேட்டியாலே? ஒம்பது நாள் சும்மா கெடந்த எஞ்சினு. தொட்ட ஒடனே பிடிச்சிருக்கு. மாட்டுனதுல ஒரு கொறையும் இல்ல."

"கேட்டேன் வாப்பா" என்றார் மகன்.

தொட்ட உடனே பிடித்ததை மாமா என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மகனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.